முன்பணம் கொடுக்காத தரகர்

புளியங்குடிக்குக் கடல் கிடையாது. மேற்கே மலை, கிழக்கே போகப் போகக் கரிசல், இரண்டுக்கும் நடுவில் எலுமிச்சைத் தோட்டங்கள். தூத்துக்குடித் துறைமுகம் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். கப்பல் தரகைப் பற்றிய பேச்சை இந்த ஊரில் தொடங்குவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் தரகில் எங்கே பணம் பிறக்கிறது, எங்கே பிடி இறுகுகிறது என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விவசாயி பழத்தை மூட்டை கட்டிக் கமிஷன் கடைக்குக் கொண்டுவருகிறார். கடைக்காரர் அதை விலைக்கு வாங்குவதில்லை. ஏலம் விட்டு விற்றுத் தருகிறார். எடுப்பவர்களில் பெரும்பகுதி கேரள வியாபாரிகள், அல்லது அவர்களுக்காக எடுப்பவர்கள். சரக்கு லாரியேறிச் செங்கோட்டை, புளியரை வழியாக மலைக்கு அந்தப் பக்கம் போய்விடும். கோடையில் விலை உச்சிக்குப் போகும்; மழைக்காலத்தில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் விழும். 2025-இல் புளியங்குடி எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் பெயர் பரவும். கடைக்கணக்கு மாறுமா என்பது வேறு கேள்வி. தமிழ்நாட்டுக் காய்கனி மண்டிகளில் நூற்றுக்குப் பத்து கமிஷன் என்பது பரவலான வழக்கு. மண்டியின் பலம் அந்தப் பத்தில் இல்லை. உரத்துக்கு, கிணறு தூர்வார, மகள் கல்யாணத்துக்கு என்று விவசாயி கடையில் வாங்கும் முன்பணத்தில் இருக்கிறது. வாங்கியவர், அடுத்த கடையில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூடக் கிடைத்தாலும் மூட்டையை அங்கே இறக்க முடியாது.

அதே கடைத்தெருவில் இன்னொரு தரகரும் உண்டு. லாரி புக்கிங் ஆபீஸ்காரர். அவருக்குச் சொந்த லாரி வேண்டாம், சொந்தச் சரக்கும் வேண்டாம். கொல்லத்துக்குப் போன எந்த வண்டி இன்று காலியாகத் திரும்புகிறது, எந்த ஓட்டுநரை நம்பி ராத்திரி மலைப்பாதையில் அனுப்பலாம், எந்த வியாபாரி வாடகையை இழுத்தடிப்பார் என்பது அவருக்குத் தெரிந்தால் போதும். நடைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வார். கப்பல் தரகர் இவருடைய இனம். கமிஷன் கடைக்காரர் வேறு இனம்.

தரகரை ஒழிக்கவேண்டும் என்பது நம் மேடைகளில் பழகிய பேச்சு. கடல் வாணிபத்தின் கதையைப் பார்க்கும்போது எனக்கு வேறொரு கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. இந்தத் தரகர் யாருக்காவது கடன் கொடுத்திருக்கிறாரா? கொடுத்திருந்தால் அவர் வாங்குவது கமிஷன் மட்டும் இல்லை.

முதலில் கடன் கொடுக்காதவரைப் பார்ப்போம். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் ஐந்து, மொத்தம் 1,050 மெகாவாட். அதற்கான நிலக்கரி ஒடிசாவின் பாரதீப் போன்ற கிழக்குக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து கப்பலில் வருகிறது. இதற்காகவே தமிழக அரசு 1974-இல் பூம்புகார் கப்பல் கழகத்தைத் தொடங்கியது. ‘தமிழ் அண்ணா’, ‘தமிழ் பெரியார்’, ‘தமிழ் காமராஜ்’ என்று சொந்தக் கப்பல்களும் அதற்கு இருந்தன. அவற்றின் காலம் முடிந்தபின் வாடகைக் கப்பல்களே வேலையைச் செய்கின்றன. அரசு நிறுவனம் என்பதால் அங்கே டெண்டர் விதிகள் உண்டு. தனியார் ஒருவர் இந்தோனேசியாவிலிருந்து 50,000 டன் நிலக்கரி இறக்குகிறார் என்று வைத்துக்கொண்டால் தரகரின் வேலை இன்னும் தெளிவாகத் தெரியும்.

சரக்குக்காரர் தம் தரகரிடம் சொல்கிறார்: இவ்வளவு டன், இந்தத் துறைமுகத்தில் ஏற்றவேண்டும், இந்தத் தேதிக்குள் கப்பல் வந்து நிற்கவேண்டும், தூத்துக்குடியில் நாளுக்கு இவ்வளவு இறக்குவோம். தரகர் அதைச் சுற்றுக்கு விடுகிறார். கப்பல்காரர்களின் தரகர்களிடமிருந்து பதில்கள் வருகின்றன: ஒரு கப்பல் சிட்டகாங்கில் அரிசி இறக்கி முடித்துக் காலியாகிறது, இன்னொன்று கொழும்பில். காலிக் கப்பல் ஏற்றும் துறைமுகத்துக்குப் போகிற தூரமும் எண்ணெய்ச் செலவுதான். ரிட்டன் லோடு கிடைக்காத லாரியின் கணக்கேதான் கடலிலும். பிறகு பேரம். ஒவ்வொரு விலைக்கும் ஒரு கெடு நேரம் வைத்திருப்பார்கள். இன்று மாலை 5 மணிவரை இந்த விலை, அதற்குப் பிறகு கப்பல் இன்னொருவருக்குப் போகலாம். விலை படிந்த பின்னும் ஒன்றிரண்டு நிபந்தனைகள் தொங்கும்: இயக்குநர் குழு ஒப்பவேண்டும், சரக்கு விற்பவர் கப்பலை ஏற்கவேண்டும். அவை விலகிய நிமிடத்தில் ஒப்பந்தம் பிறந்துவிடுகிறது. கையெழுத்துப் பத்திரம் பின்னால் வரும். பெரும்பாலும் ஜென்கான் என்ற அச்சுப்படிவம் அது. 1922-இல் வந்தது, 1976, 1994, 2022 ஆண்டுகளில் திருத்தப்பட்டது. பத்திரம் வருவதற்குள் கப்பல் பாதி வழி வந்திருக்கும். அதுவரை இரு தரப்பையும் கட்டிப்போடுவது தரகர் இருவருக்கும் அனுப்பிய தொகுப்புக் கடிதம் மட்டுமே. அதில் அவர் ஒரு சொல் தவறாக எழுதினாலோ, முதலாளி சொல்லாததைச் சொன்னதாக எழுதினாலோ, தம் அதிகாரத்தை மீறியதற்காக அவரே நஷ்டஈடு கட்டவேண்டி வரும்.

இவ்வளவுக்கும் கிடைப்பது? வழக்கமான தரகு, தரகர் ஒருவருக்கு நூற்றுக்கு ஒன்றேகால். டன்னுக்கு 12 டாலர் வாடகை என்றால் 50,000 டன்னுக்கு 6 லட்சம் டாலர். அதில் ஒன்றேகால் சதவீதம் 7,500 டாலர். பெரும்பாலான ஒப்பந்தங்களில் இதைக் கட்டுவது கப்பல்காரர், அதுவும் வாடகை கைக்கு வந்த பிறகு. பேரம் முறிந்தால் ஒரு வாரத் தூக்கம் போனதற்குத் தம்படி கிடையாது. இந்தத் துறையில் பேசிப் படிந்தவற்றைவிடப் பேசி முறிந்தவை பல மடங்கு. சரக்குக்காரருக்கே வாடகையில் தள்ளுபடிபோல் ஒரு கமிஷன் போவதும் உண்டு. அதற்கும் தரகுக்கும் சம்பந்தமில்லை. வலியவன் பிடித்துக்கொள்ளும் பங்கு என்றே அதைச் சொல்வேன்.

வெளியே தெரியாத வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நாளுக்கு 10,000 டன் என்று ஒப்புக்கொண்டால் 50,000 டன் இறக்க 5 நாள். அதைத் தாண்டினால் டெமரேஜ். ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேகன் பிடித்த எந்த வியாபாரிக்கும் இந்தச் சொல்லின் சூடு தெரியும். கடலில் அது நாளொன்றுக்குப் பதினைந்தாயிரம் டாலர், இருபதாயிரம் டாலர் என்று ஓடும். ஆகவே மணிக்கணக்கில் சண்டை. கப்பல் வந்துவிட்டது என்று மாலுமித் தலைவர் கொடுத்த அறிவிப்பு அலுவலக நேரத்துக்குள் கிடைத்ததா? வெளித்துறையில் நங்கூரமிட்டுக் காத்திருந்த நேரம் யார் கணக்கு? ஞாயிற்றுக்கிழமை சேருமா? ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை தூத்துக்குடியில் இறங்கும்போது யூரியாவோ வேறு உரமோ ஏற்றிவந்த கப்பலின் அறைமூடியைத் திறக்க முடியாது. அந்த நேரத்தைக் கணக்கிலிருந்து கழிக்கவேண்டும். ஆனால் காலை 9.40-க்கு நின்றது மழையா தூறலா? முகவர் எழுதிய நிகழ்வுப் பதிவில் ஒரு நேரம் இருக்கும், கப்பலின் குறிப்பேட்டில் வேறொரு நேரம் இருக்கும். இரண்டையும் வைத்துக்கொண்டு, இரு தரப்பும் ஒருவரை ஒருவர் திட்டியதைக் கடிதத்திலிருந்து நீக்கிவிட்டு, எண்களை மட்டும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் கடத்துவது தரகர் அலுவலகத்தின் வேலை. பெரும்பாலான தகராறுகள் லண்டன் நடுவர் மன்றம்வரை போகாமல் இங்கேயே அடங்கிவிடுகின்றன. கமிஷனில் பாதி இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

இந்தத் தொழிலின் தலைமையிடம் லண்டன் ஆனதற்கு ஒரு காப்பிக்கடை காரணம். 1744-இல் ‘வர்ஜீனியா அண்ட் பால்டிக்’ என்று பெயர் மாற்றிக்கொண்ட கடையில் கப்பல் தலைவர்களும் சரக்கு வணிகர்களும் கூடினார்கள். அதிலிருந்து வளர்ந்தது பால்டிக் எக்ஸ்சேஞ்ச். எங்கள் சொல்லே எங்கள் பிணை என்பது அதன் கொள்கை. சொன்னதை மறுத்த தரகருக்கு அங்கே இடமில்லை. 1992 ஏப்ரலில் ஐரிஷ் குடியரசுப் படையின் குண்டில் அதன் கட்டடம் சிதைந்தது. 2016-இல் சிங்கப்பூர் பங்குச்சந்தை அமைப்பு 8.7 கோடி பவுண்டுக்கு அதை வாங்கியது. பெயர் லண்டனுடையது, உடைமை ஆசியாவுடையது.

நம் மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்து விலை பேசுவார்கள். பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்கு விலை தெரியக்கூடாது. கப்பல் வாடகையும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. 1985-இல் பால்டிக் எக்ஸ்சேஞ்ச் குறியீடு ஒன்றை வெளியிடத் தொடங்கியது. குறிப்பிட்ட சில வழித்தடங்களுக்கு இன்றைய வாடகை என்னவாக இருக்கும் என்று ஒரு தரகர் குழு நாள்தோறும் தரும் மதிப்பீடுதான் அதன் அடிப்படை. துண்டை விலக்கியவர்கள் தரகர்களே என்பது கவனிக்கத்தக்கது. 2008 மே 20-இல் அந்தக் குறியீட்டின் வழிவந்த இன்றைய குறியீடு 11,793 புள்ளியைத் தொட்டது. அதே ஆண்டு டிசம்பரில் 663. அந்த ஏழு மாதத்தில் உயர்ந்த விலைக்குக் கப்பலைப் பேசியிருந்தவர்கள் பலர் ஒப்பந்தத்தை விட்டு ஓடினார்கள். வாடகை வரவில்லை, ஆகவே தரகும் வரவில்லை.

தரகரின் கையில் எதுவுமே இல்லை என்பதற்கு இங்கிலாந்துச் சட்ட வரலாற்றில் ஒரு வழக்கு உண்டு. கப்பல் ஒன்று 18 மாத வாடகைக்குப் பேசப்பட்டது. ஒவ்வொரு மாத வாடகையிலும் தரகருக்கு இவ்வளவு என்று ஏற்பாடு. ஏறக்குறைய நான்கு மாதம் ஓடியதும் வாடகைக்கு எடுத்தவரே அந்தக் கப்பலை விலைக்கு வாங்கிவிட்டார். தம் கப்பலுக்குத் தாமே வாடகை கொடுப்பாரா? வாடகை நின்றது. மீதி மாதங்களுக்கான கமிஷனைக் கேட்டுத் தரகர் பிரபுக்கள் சபைவரை போனார். 1922-இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. வாடகை வந்தால்தான் தரகு. கப்பல்காரர் கப்பலை விற்காமல் இருக்கவேண்டும் என்ற கடமை ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கவில்லை. இதற்கு மூன்றாண்டு முன் இன்னொரு வழக்கில், ஒப்பந்தத்தில் தாம் ஒரு தரப்பாக இல்லாவிட்டாலும் அதில் எழுதப்பட்ட கமிஷனைத் தரகர் கேட்கலாம், சரக்குக்காரர் அவருக்காக அந்த உரிமையை அறங்காவலர்போல் வைத்திருக்கிறார் என்று அதே சபை சொல்லியிருந்தது. 1999-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு அங்கே தரகர் நேரடியாகவே வழக்குப் போடலாம். ஆனாலும் கப்பல்மேல் அவருக்குப் பிடி இல்லை, சரக்குமேல் இல்லை, ஆள்மேல் இல்லை. அடுத்த முறையும் தம்மைத்தான் அழைப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு ஒன்றுதான் அவருடைய சொத்து.

இந்தப் பின்னணியில் நம் கரையின் பழைய தரகர்களைப் பார்க்கவேண்டும். தொழில் பழையது. ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் ஊரை நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரத்துக்குக் கொடுத்த செப்பேட்டில், ஊரிலிருந்து சேரவேண்டிய வருவாய்களின் வரிசையில் தரகும் இருக்கிறது. விகாரத்தைக் கட்டியவர்கள் கடல் கடந்த ஸ்ரீவிஜய அரசர்கள். வரி போடும் அளவுக்கு அந்தக் காலத்திலேயே தரகில் பணம் புழங்கியிருக்கிறது.

ஆனந்தரங்கப் பிள்ளை வேறு வகை. 1709-இல் பிறந்து 1761-இல் மறைந்தவர். 1736-இல் தொடங்கிய நாட்குறிப்புக்காக இன்று படிக்கப்படுகிறவர். 1747-இல் புதுச்சேரி பிரெஞ்சுக் கும்பெனியின் தலைமைத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் நடுவில் நின்றவர். ‘ஆனந்தப்புரவி’ என்று சொந்தக் கப்பலும் அவருக்கு இருந்தது. கும்பெனிக் கப்பல்கள் பருவக்காற்றைப் பார்த்து வரும், பருவக்காற்றைப் பார்த்துத் திரும்பும். துணிப்பொதிகள் தயாராக இல்லையென்றால் கப்பல் பருவத்தைத் தவறவிடும். ஆகவே மாதங்களுக்கு முன்பே நெசவாளரிடம் முன்பணம் போய்ச் சேரவேண்டும். அந்தப் பணத்தைத் தறிவரைக்கும் கொண்டுபோவதும், துணியாகத் திரும்பப் பெறுவதும் இந்தியத் தரகர்களின் பொறுப்பு. கடல் வாணிபத்தில் முன்பணம் நுழைந்த வாசல் இதுதான்: கப்பலால் காத்திருக்க முடியாது, நெசவாளரால் சோறில்லாமல் நெய்ய முடியாது. நடுவில் நின்றவர் இரண்டு இயலாமைக்கும் விலை வைத்தார். புளியங்குடியில் பழம் சில நாளில் வதங்கிவிடும் என்பதும் விவசாயிக்கு உரத்துக்கு இப்போதே பணம் வேண்டும் என்பதும் இதே ஏற்பாட்டின் இன்றைய வடிவம்.

கப்பலும் காத்திருக்க முடியாததுதானே, அதன் உடைமையாளர் ஏன் தரகரிடம் கடன்படுவதில்லை? அவருக்கு வங்கி இருக்கிறது. ஒரு தரகர் சரியில்லையென்றால் பத்துப் பேர் இருக்கிறார்கள். இந்த இரண்டில் ஒன்று இல்லாமல் போனால் கப்பல் வாணிபமும் மண்டியாகிவிடும். அதற்கு உதாரணம் தேட லண்டன் போகவேண்டியதில்லை, தூத்துக்குடியே போதும்.

வ.உ.சிதம்பரம் பிள்ளையின் சுதேசி நாவாய்ச் சங்கம் 1906 அக்டோபர் 16-இல் பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். இந்தக் கதையைக் கப்பல் வாங்கிய கதையாகவே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். தொடக்கத்தில் அது வாடகைக் கப்பலின் கதை. சங்கத்துக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயின் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்துத் தூத்துக்குடி–கொழும்பு ஓட்டியது. அந்தத் தடத்தை வைத்திருந்த பிரிட்டிஷ் இந்திய நீராவிக் கப்பல் கம்பெனி ஷா லைனை நெருக்கியது. ஷா லைன் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டது. வ.உ.சி. கொழும்புக்குப் போய் வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்துவந்தார். அதற்குப் பிறகுதான் சொந்தக் கப்பலே வழி என்று முடிவாகி, 1907-இல் ‘காலியா’வும் ‘லாவோ’வும் வந்தன. காலியாவில் 1,300 சாதாரணப் பயணிகளும் 4,000 மூட்டைச் சரக்கும் போகலாம்.

ஒரு முதலாளி மிரண்டதும் மாற்றுக்கப்பல் தேடி இன்னொரு நாட்டுக்குப் போகவேண்டியிருந்தது என்பதை ஒரு சந்தையின் நிலைமையாக வாசிக்கலாம். தூத்துக்குடியில் அப்போது ஓங்கியிருந்தவை ஏஜென்சி வீடுகள். ஏஜென்ட் ஒரு கம்பெனியின் ஆள். அவருக்கு எசமானர் ஒருவர்தான். தரகர் எந்தக் கப்பலையும் எந்தச் சரக்கோடும் சேர்க்க உரிமையுள்ளவர். பத்துத் தரகர்கள் போட்டியிடும் திறந்த சந்தையில் ஷா லைன் விலகியது ஒரு வார இடைஞ்சலாக முடிந்திருக்கும். இங்கே அது ஒரு சங்கத்தின் போக்கையே மாற்றி, கையிருப்பு மூலதனத்தை இரண்டு கப்பலில் முடக்க வைத்தது. எதிர்க்கம்பெனி பயணக்கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது, பிறகு இலவசம் என்றது. அந்த அடியைத் தாங்க வேண்டிய பணம் இரும்பாக நின்றது. 1908 மார்ச் 12-இல் வ.உ.சி. கைதானார், 1911-இல் சங்கம் கலைந்தது. அரசின் கொடுமையே முதல் காரணம், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் திறந்த தரகு இல்லாத துறைமுகம் என்ற காரணத்தையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

அதே தூத்துக்குடி–கொழும்புக் கப்பல்களில் போன பெருவாரிச் சரக்கு மனிதர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கூலிகள் போனார்கள். புளியங்குடி இருக்கும் தென்காசி வட்டாரமும் 2019 நவம்பர் 22-வரை திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. தூத்துக்குடிக்கு வெளியே தட்டப்பாறை முகாமில் நோய் சோதித்துக் கப்பலேற்றுவார்கள்; 1914-இல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறந்தபின் மண்டபம் முகாம் முக்கியமானது. இந்தப் போக்குவரத்தின் தரகர் கங்காணி. தோட்டத்தில் பணம் வாங்கிக்கொண்டு ஊருக்கு வருவார். பெரும்பாலும் அதே ஊர்க்காரர், சாதிசனம். பழைய கடனை அடைக்க, வீட்டில் விட்டுப்போக என்று முன்பணம் கொடுப்பார். ரயில், கப்பல், வழிச்சோறு எல்லாம் அதன்மேல் ஏறும். தோட்டத்தில் இறங்கும்போதே ஆள் கடனாளி. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் ஒவ்வொரு நாளும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு.

இந்த ஏற்பாட்டின் உச்சம் துண்டு. இந்த ஆட்கள் இவ்வளவு ரூபாய் கடன்பட்டிருக்கிறார்கள், அதைக் கட்டினால் விடுவிக்கத் தயார் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கங்காணி அதை எடுத்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போவார். அங்கே இன்னும் கூடுதலாக முன்பணம் வாங்குவார். பழைய கடன் தீரும், புதிய பெரிய கடன் அதே ஆட்கள் தலையில் ஏறும். ஆட்கள் கைமாறும்போதெல்லாம் தரகருக்கு லாபம். 1922-இல் லண்டனில் தோற்ற அந்தக் கப்பல் தரகரை இவரோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். கப்பல் கைமாறியதும் அவருடைய தரகு கரைந்துபோனது, ஏனென்றால் கப்பல் அவருக்குக் கடன்பட்டிருக்கவில்லை. ஆள் கைமாறியதும் இவருடைய தரகு வளர்ந்தது, ஏனென்றால் ஆள் கடன்பட்டிருந்தான். 1921-இல் இலங்கை அரசு துண்டு முறையை ஒழித்தது. 1922-இன் இந்தியக் குடியேற்றச் சட்டம் கங்காணிகளை உரிமத்துக்குள் கொண்டுவந்தது. 1939-இல் தேர்ச்சியற்ற வேலைக்காக இலங்கைக்குப் போவதையே இந்திய அரசு தடுத்தது.

தரகரை இயந்திரத்தால் அகற்றும் முயற்சியை விரைவாகச் சொல்லிவிடலாம். 2000-இல் பி.பி., ஷெல், கார்கில் ஆகிய பெருநிறுவனங்களும் 1852 முதல் இயங்கும் கிளார்க்சன்ஸ் தரகு நிறுவனமும் சேர்ந்து ‘லெவல்சீஸ்’ என்ற இணையக் கப்பல்சந்தையைத் தொடங்கின. உலகின் பெரும் சரக்குக்காரர்களே பின்னால் நின்றும் சில ஆண்டுகளில் அது அடங்கிவிட்டது. வாடகையைத் திரையில் காட்டலாம்; டெமரேஜ் சண்டையில் யார் வாக்கு மாறமாட்டார் என்பதைத் திரை சொல்லவில்லை. 2016-இல் வந்த இ-நாம் மின்னணு வேளாண் சந்தைக்கும் இதே மாதிரி ஒரு தடை உண்டு. விலை செல்போனில் தெரிகிறது. முன்பணத்தைச் செல்போன் தருவதில்லை. 1999-இல் வந்த உழவர் சந்தைகள் சில்லறைக் காய்க்குப் பயன்பட்டன. லாரி லாரியாகக் கேரளத்துக்குப் போகும் பழத்துக்கு அவை பதிலில்லை. விவசாயிக்கு மண்டிக்கு வெளியே உரக்கடன் கிடைக்கும் அளவுக்குத்தான் மண்டிக்காரர் வெறும் தரகராவார்.

கண்டெய்னர் வந்தபின் கப்பல் தரகரின் ராஜ்யம் சுருங்கியது உண்மை. பெட்டிக்கு இவ்வளவு என்று லைன் கம்பெனிகளே விலை போடுகின்றன. தூத்துக்குடிப் பெட்டிகளில் பல கொழும்பில் தாய்க்கப்பல் மாறிப் போகின்றன. அங்கே ஏற்றுமதியாளருக்கு வேண்டியவர் கஸ்டம்ஸ் புரோக்கர். 1962-இன் சுங்கச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு அவருக்கு உரிமம் கேட்கிறது, 2018-இன் விதிகள் அவர் கடமைகளை வகுக்கின்றன. அவரைப் பற்றித் தனியாகத்தான் எழுதவேண்டும். நிலக்கரி, உரம், தானியம், தாது என்று மொத்தமாகக் கொட்டிப்போகும் சரக்கில் பழைய தரகர் இன்னும் இருக்கிறார்.

இன்றைக்குத் தென்காசி வட்டாரத்து வீடுகளைத் தொடும் கப்பல் தரகு வேறொன்று. கப்பல் வேலைக்கு ஆள் பிடிப்பது. ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த பையன்களுக்குக் கப்பல் வேலை என்றால் டாலர் சம்பளம், ஆறேழு மாதத்தில் வீட்டுக்கு ஒரு தளம். அங்கே ஏஜென்ட் என்று ஒருவர் முளைக்கிறார், லட்சங்கள் கேட்கிறார். கங்காணி காலத்தோடு ஒப்பிட்டால் முன்பணத்தின் திசை தலைகீழாகியிருக்கிறது. அன்று தரகர் கொடுத்து ஆளைக் கட்டினார். இன்று ஆள் வட்டிக்கு வாங்கித் தரகரிடம் கட்டுகிறார். கடன் மட்டும் அதே தலையில்தான்.

சட்டம் இதில் குழப்பமில்லாதது. 2006-இன் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றது. வேலை தேடித் தருவதற்கு மாலுமியிடம் நேராகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக்கூடாது. பாஸ்போர்ட், மாலுமிப் புத்தகம், மருத்துவச் சான்று ஆகியவற்றின் செலவு மட்டும் அவருடையது. மற்றது கப்பல்காரர் பொறுப்பு. கப்பல் வாடகைத் தரகில் இயல்பாகவே அமைந்த முறையை, அதாவது கப்பல்காரர் கட்டட்டும் என்பதை, ஆள் தரகில் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். மும்பையிலுள்ள கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம் இந்த நிறுவனங்களுக்கு உரிமம் தருகிறது; 2016-இன் விதிகள் வங்கி உத்தரவாதமும் கேட்கின்றன. இருந்தும் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் கணக்குப்படி 2024-இல் 312 கப்பல்களில் 3,133 மாலுமிகள் சம்பளமும் சோறும் இல்லாமல் கைவிடப்பட்டார்கள். அவர்களில் இந்தியர் 899 பேர், வேறு எந்த நாட்டினரையும்விட அதிகம். கடன் வாங்கிக் கப்பலேறியவனால் அந்த நிலையிலும் இறங்கிவிட முடிவதில்லை. வெறுங்கையோடு ஊருக்கு வந்தால் வட்டி வாசலில் நிற்கும். கைவிட்ட கப்பல்காரருக்கு இது வசதி.

உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை இயக்குநரகம் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. பணம் கேட்பவரின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அவர் ஏஜென்டே இல்லை. பட்டியலில் இருந்து கேட்டாலும் அது சட்டமீறல்தான். புகாரை அதே இயக்குநரகத்துக்கு எழுதவேண்டும்.